சிரியம், பாசுண்டான் பழைய படங்களும் தபால் கார்டுகளும்: பூஞ்சை, தேதி, ஸ்கேன்

தன்லின்_செல்வி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தன்லினில் (பர்மாவில் ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரை ஊர், பழைய பெயர் சிரியம்) கோயில் நூலக அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது ஒரு பெரிய பிஸ்கட் டின் கிடைத்திருக்கிறது. உள்ளே இருப்பவை இவை.

படத் தபால் கார்டுகள் நாற்பது சொச்சம். பாதி வண்ணத்தில்: சூலே பகோடா ரோடு, தேக்குக் கட்டை தூக்கும் யானை, ஆற்றங்கரை அரிசி மில். மீதி கறுப்பு வெள்ளை. பத்துப் பன்னிரண்டு கார்டுகளின் பின்னால் தமிழில் எழுதியிருக்கிறது. மோல்மேனிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் சிரியத்துக்கு வந்தவை. தேதி இருக்க வேண்டிய இடத்தில் "பிலவங்க" என்று எழுதி, பக்கத்தில் புரியாத சுழிகள் போட்டிருக்கிறார்கள்.

தடித்த அட்டையில் ஒட்டிய குழுப் படங்கள் ஏழு. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்கள் என்று நினைக்கிறோம். இரண்டு படங்கள் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. பல கார்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை. நாலைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன.

ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா? வெயிலில் காயவைக்கலாமா? எந்தக் காலத்துப் படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் பார்க்கும்படி வைக்கவும், அந்தந்தக் குடும்பத்துக்கு நகல் கொடுக்கவும் எண்ணம்.

பாசுண்டான்_படப்பெட்டி:

செல்விம்மா, ஸ்பிரிட்டும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோயிலில் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு ஈரத்துணியை எடுத்துவிடுவார்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் தாளில் இல்லை. தாள்மேல் பூசிய ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கிறது. பூஞ்சை அந்த ஜெலட்டினைத்தான் தின்கிறது. தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும். ஈரம் பட்டால் முகம் அப்படியே துணியோடு வந்துவிடும். வெயிலில் வைத்தால் படலம் ஒரு வேகத்திலும் தாள் ஒரு வேகத்திலும் சுருங்கும். படம் குழலாகச் சுருண்டு, நிமிர்த்தும்போது வெடிக்கும்.

செய்ய வேண்டியது இது. டின்னை இனிப் பயன்படுத்த வேண்டாம். துரு இருக்கும், மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பூஞ்சை உள்ளவற்றைத் தனியாகப் பிரித்து, நிழலில், காற்றோட்டமான அறையில், வெள்ளைத் தாள்மேல் படம் மேல்பார்க்கப் பரப்புங்கள். நேராக ஃபேன் அடிக்கக் கூடாது, பூஞ்சைத் தூள் மற்றவற்றில் ஏறும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை வளரும். நம் ஊரில் ஜூன் முதல் அக்டோபர் வரை அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஆகையால் அவசரம் இல்லாதவற்றை நவம்பருக்குத் தள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேலை செய்ய நல்ல காலம்.

நன்றாகக் காய்ந்தபின் பூஞ்சை தூளாக இருக்கும். அப்போது மென்மையான அகலத் தூரிகையால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே திசையில் தட்டிவிடுங்கள். தாழ்வாரத்தில், முகக்கவசத்தோடு. தூரிகையைப் பூஞ்சை வேலைக்கு என்றே தனியாக ஒதுக்குங்கள். படம் மென்மையாகவோ பிசுபிசுப்பாகவோ தெரிந்தால் தூரிகையும் வேண்டாம், இருக்கிறபடியே படம் பிடித்துக்கொள்ளுங்கள். கறை போகாது. கறையை எடுக்கப் போனால் உருவமும் போகும்.

கறுப்பான இடங்களில், குறிப்பாக ஓரத்தில், சாய்த்துப் பார்த்தால் நீல வெள்ளி மினுமினுப்புத் தெரிந்தால் அது பூஞ்சை அல்ல. படத்தை உருவாக்கிய வெள்ளி மேலே ஏறி வந்திருக்கிறது. அதைத் தேய்க்காதீர்கள்.

ஒன்றோடொன்று ஒட்டியவற்றைக் கத்தியால் பிரிக்காதீர்கள். ஒரு மூலை தானாகத் தூக்கியிருந்தால் மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை உள்ளே விட்டு, மெதுவாக இடவலமாக அறுப்பதுபோல் இழுத்துப் பார்க்கலாம். சிறு எதிர்ப்பு வந்தாலும் நிறுத்திவிட வேண்டும். பழைய செல்லோ டேப்பையும் உரிக்க வேண்டாம்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை: டின்னில் இருந்த வரிசையிலேயே எண் போட்டு, ஒவ்வொன்றையும் இரு பக்கமும் ஃபோனில் பிடித்துவிடுங்கள். எந்தப் படத்தோடு எந்தக் கடிதம் சேர்ந்து கிடந்தது என்பதும் ஒரு தகவல். பிரித்தபின் அது திரும்பக் கிடைக்காது.

மோல்மேன்_தபால்தலை:

பூஞ்சை பற்றி அண்ணன் சொன்னதே போதும். நான் தேதிக்கு வருகிறேன். என் அபிப்பிராயத்தில் கார்டின் பின்பக்கம்தான் முன்பக்கத்தைவிடப் பெரிய சொத்து.

முதலில் "பிலவங்க". அது அறுபது ஆண்டுச் சுற்றில் 41ஆவது. சுற்று பிரபவவில் தொடங்கும். பிரபவ வந்த ஆண்டுகள் 1867, 1927, 1987. ஆகவே பிலவங்க என்பது 1907 அல்லது 1967. தபால்தலையில் எட்வர்டு ராஜா இருந்தால் 1907தான், வேறு பேச்சில்லை. புரியாத சுழிகள் மூன்றும் இவை: ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். எண்களும் தமிழில் இருக்கும். பழைய கையில் பன்னிரண்டு என்பது ௰௨. ௰ என்பது பத்து, அதை 'ய' என்று படித்துவிட்டு ஊர்ப்பெயரின் முதலெழுத்தோ என்று தேடுகிறவர்கள் உண்டு. ௨ என்பது 'உ' போலவே இருக்கும். ஆனால் கடிதத்தின் தலையில், நடுவில், தனியாக நிற்கும் உ பிள்ளையார் சுழி. அதைத் தேதியோடு சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. தை, மாசி, பங்குனி என்று எழுதியிருந்தால் ஆங்கில ஆண்டில் ஒன்று கூட்ட வேண்டும். மார்கழி பாதிக்கு மேல் போனாலும் அப்படியே. பிலவங்க ஆவணி ௰ என்றால் 1907 ஆகஸ்ட் 25, 26 வாக்கு. பிலவங்க மாசி என்றால் 1908. அடுத்த கடிதங்களுக்கு உதவும் என்பதால்: 1906 பராபவ, 1908 கீலக, 1909 சௌமிய, 1910 சாதாரண, 1911 விரோதகிருது. பின்னால் 1930 பிரமோதூத, 1933 ஸ்ரீமுக, 1936 தாது, 1937 ஈஸ்வர, 1939 பிரமாதி, 1941 விஷு.

தமிழ்த் தேதியைத் தபால் முத்திரையோடு ஒத்துப்பாருங்கள். ஓரிரு நாள் முன்பின் இருந்தால் சரி. மாதக்கணக்கில் விலகினால் முத்திரையின் ஆண்டைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். மை பரவிய முத்திரையில் 3, 8, 9 மூன்றும் ஒன்றுபோல் தெரியும்.

முத்திரை படிக்கவே முடியாவிட்டால் தலையைப் பாருங்கள். 1937 மார்ச் வரை பர்மா இந்தியாவோடு சேர்ந்தது, தபால்தலையும் இந்தியத் தலைதான். எட்வர்டு தலை 1902 முதல். அரை அணா, ஓரணாத் தலைகளில் தபாலோடு ரெவின்யூ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் 1906க்குப் பின். ஐந்தாம் ஜார்ஜ் 1911 கடைசி முதல். இந்தியத் தலைமேல் பர்மா என்று அச்சடித்திருந்தால் 1937 ஏப்ரல் 1 முதல். பர்மாவின் சொந்தத் தலை 1938 நவம்பரில் வந்தது. மயில் முத்திரை அடித்த தலை ஜப்பான் காலம், 1942. ராணுவ நிர்வாகம் என்ற அச்சு 1945. விலை பியாவில் (பர்மாவின் புதிய சில்லறைக் காசு) இருந்தால் 1952க்குப் பின். தலை கிழிந்துபோன கார்டிலும் ஒரு தடயம் உண்டு: இந்திய உள்நாட்டுக் கார்டுக்கு 1922 வரை காலணா, அதற்குப்பின் குறைந்தது அரை அணா.

எழுதாத கார்டுக்கு வேறு வழி. பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கே ஒதுக்கி, நடுவில் கோடு இல்லாமல் இருந்தால் அது முந்தைய வகை. படத்தின் ஓரத்தில் வெள்ளையாக இடம் விட்டு அங்கேதான் செய்தி எழுதுவார்கள். கோடு போட்டுப் பின்பக்கத்தில் செய்தி எழுதுவதைப் பிரிட்டன் 1902இல் அனுமதித்தது. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. நாடு விட்டு நாடு போகும் தபாலில் 1907 அக்டோபர் முதல் பொது விதியாயிற்று. ஜெர்மனியில் அச்சானது என்று குறிப்பு இருந்தால் பெரும்பாலும் 1914 யுத்தத்துக்கு முன். ரங்கூன் அகூஜா கம்பெனியின் வண்ணக் கார்டுகள் பல அப்படி ஜெர்மனியில் அச்சாகி வந்தவை. யானைக் கார்டின் ஓரத்தில் அந்தப் பெயரும் ஒரு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே எண்ணுள்ள கார்டு வேறு எங்காவது முத்திரையோடு கிடைத்தால் உங்களுடையதற்கும் காலம் கிடைக்கும்.

எச்சரிக்கை ஒன்று. முத்திரைத் தேதி, கார்டு பயணம் செய்த தேதி மட்டுமே. படம் எடுத்தது பத்து, இருபது வருஷம் முந்தி இருக்கலாம். பழைய கண்ணாடி நெகட்டிவிலிருந்து திரும்பத் திரும்பக் கார்டு போடுவது அன்றைய ஸ்டூடியோக்களின் சாதாரண வழக்கம். பிலிப் க்ளியர் என்ற ஜெர்மானியர் 1870களில் மோல்மேனிலும் பிறகு ரங்கூனிலும் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் பெயர் படத்தின் உள்ளேயே, நெகட்டிவில் எழுதியதாகத் தெரிந்தால் காலத்தை இன்னும் பின்னால் தேடுங்கள்.

தன்லின்_செல்வி:

ரொம்ப நன்றி ஐயா. எட்வர்டு தலைதான், ஆக 1907. அந்தச் சுழிகளும் இப்போது படிக்க வருகின்றன. குழுப் படங்களில் முத்திரையும் இல்லை, எழுத்தும் இல்லை. அவை சிரியம் எண்ணெய் ஆலைதானா, ரங்கூன் பாசுண்டானின் அரிசி மில்லா என்று எப்படிச் சொல்வது? கண்ணாடியில் ஒட்டிய இரண்டையும் என்ன செய்வது?

கெமண்டைன்_கரை:

பின்னணியைப் பாருங்கள் அக்கா, முகங்களை அப்புறம் பார்க்கலாம்.

அரிசி மில் என்றால் உயரமான செங்கல் அல்லது இரும்புப் புகைபோக்கி, பக்கத்தில் உமிக் குவியல். அந்த மில்களின் கொதிகலன் உமியைத்தான் எரித்தது. ஆற்றிலோ ஓடையிலோ நெல் படகுகள் நெருக்கமாக நின்றால் அறுவடை முடிந்து நெல் வரும் காலம், ஜனவரிக்குப் பிறகு. தரையில் ஒரே அளவுக் கூடைகள் தெரிந்தால் அது அளவுக் கூடை, நெல் என்றால் 46 பவுண்டு. பாசுண்டான் ஓடை, கெமண்டைன், அலோன், ஆற்றுக்கு அக்கரைக் கனவுண்டோ, இங்கெல்லாம் மில்கள் இருந்ததால் புகைபோக்கியை மட்டும் வைத்து ஊர் சொல்ல முடியாது. கரை எந்தப் பக்கம், ஓடை அகலமா ஆறா என்று பார்க்க வேண்டும்.

சிரியம் ஆலை என்றால் வட்டமான இரும்புத் தொட்டிகள், தரையோடு ஓடும் குழாய்கள், ஜெட்டி, அடுக்கிய மண்ணெண்ணெய் டின்கள். டின் ஒன்று 4 காலன், மரப்பெட்டிக்கு இரண்டு டின். நம் எண்ணெயில் மெழுகு அதிகம், அதனால் மெழுகுவர்த்தித் தொழிலும் அங்கே நடந்தது. நீளக் கொட்டகையும் அச்சு வரிசையும் தெரிந்தால் அதுவாக இருக்கலாம். ஏனாஞ்சா எண்ணெய்க் கிணறுகளிலிருந்து குழாய் 1908இல் வந்தது. அதற்கு முன் எண்ணெய் ஆற்றில் படகில் இறங்கியது. 1942 மார்ச்சில் ரங்கூனை விட்டுப் போகும்போது பிரிட்டிஷார் ஆலையைத் தகர்த்தார்கள். முழு ஆலையும் ஒழுங்காக நிற்கும் படம் என்றால் அதற்கு முந்தையது என்று எடுத்துக்கொண்டு, மற்றத் தடயங்களோடு ஒத்துப்பாருங்கள்.

குழுப் படத்தில் முன்வரிசையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடுவில் உட்கார்ந்திருப்பவர் காலடியில் ஒரு ஸ்லேட்டோ பலகையோ வைத்து இலாகாவும் ஆண்டும் எழுதுவார்கள். சாக்பீஸ் எழுத்து மங்கியிருக்கும். ஸ்கேன் எடுத்தபின் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டி, பிறகு படத்தை நெகட்டிவாக மாற்றிப் பாருங்கள். பலமுறை எழுத்து எழுந்து வரும். அட்டையின் கீழ் மூலையில் மை இல்லாத அழுத்து முத்திரை இருக்கலாம். டார்ச்சைத் தாழ்வாகப் பக்கவாட்டில் பிடித்தால்தான் ஸ்டூடியோ பெயர் தெரியும்.

ரங்கூன் தெருப் படங்களுக்கு: டிராம் மின்கம்பி தெரிந்தால் 1906 கடைசிக்குப் பின். உயர்நீதிமன்ற மணிக்கூண்டு முழுசாக நின்றால் 1911 சுமாருக்குப் பின். ஸ்காட் மார்க்கெட் 1926. இப்போதைய நகர மண்டபம் முழுமையாக இருந்தால் 1936க்குப் பின். வண்டிகள் இடப்பக்கம் போனால் 1970 டிசம்பருக்கு முன். எல்லாம் வலப்பக்கம் போய்க் கடைப்பலகை எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் நெகட்டிவைப் புரட்டி அச்சிட்டிருக்கிறார்கள். சட்டைப் பொத்தானும் இதைக் காட்டிக் கொடுக்கும். தலைப்பில் உள்ள தெருப்பெயரை இன்றைய பெயரோடு சேர்த்து எழுதுங்கள்: டல்ஹௌசி தெரு இப்போது மகாபந்துலா, ஃப்ரேசர் தெரு அனோரத்தா, ஃபேர் தெரு பன்சொடான், மொகல் தெரு ஷ்வேபொன்தா. காளியம்மன் கோயில் எந்தத் தெருவில் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும், ஃப்ரேசர் என்றால் தெரியாது.

இதை மனசார வேண்டிக் கேட்கிறேன்: கார்டில் மதராஸ் கூலி என்று அச்சிட்டிருந்தால் உடனே தமிழர் என்று எழுதிவிடாதீர்கள். துறைமுக மூட்டை வேலையிலும் மில் வேலையிலும் தெலுங்கர்கள்தான் அதிகம், ஒரியர்களும் உண்டு. ஆற்றுக் கப்பல்களில் சிட்டகாங்காரர்கள். நம்மவர்கள் வயல் அறுவடை, ரயில்வே, ஆலை, கடை, வட்டிக்கடை என்று பரவியிருந்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர், அதற்குள் எத்தனையோ பாஷை. அச்சிட்ட தலைப்பை மேற்கோளாக அப்படியே எழுதுங்கள், உங்கள் ஊகத்தை அடுத்த வரியில் ஊகம் என்றே எழுதுங்கள். அந்தத் தொழிலாளிக்குச் செய்யும் மரியாதை அதுதான்.

பாசுண்டான்_படப்பெட்டி:

கண்ணாடியில் ஒட்டியதைத் தொடாதீர்கள். ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் முகம் கண்ணாடியில் நிற்கும், வெறும் தாள் உங்கள் கையில் வரும். சட்டத்தையும் பின்பலகையையும் மட்டும் கழற்றுங்கள், அந்தப் பலகைதான் ஈரத்தையும் கறையையும் கொடுக்கிறது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை வறண்ட துணியால் துடைத்து, கண்ணாடி வழியாகவே படம் எடுங்கள். கேமரா நேர் மேலே, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. அப்போதுதான் உங்கள் நிழலும் பிரதிபலிப்பும் விழாது. எடுத்தபின் கண்ணாடியோடு சேர்த்தே, படுக்கவைத்துப் பெட்டியில் வையுங்கள்.

இன்சேன்_ஸ்கேன்:

ஸ்கேனர் பற்றி. தட்டை ஸ்கேனர் போதும், தாளை உருட்டி இழுக்கும் வகை கூடாது.

பழைய கார்டு சுமார் 9 × 14 செ.மீ. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் ஏறக்குறைய 2100 × 3300 புள்ளி, சுருக்காத டிஃப் கோப்பு 20 எம்பி வரும். நாற்பது கார்டு இரு பக்கமும் என்றால் 2 ஜிபிக்குள் அடங்கும். குழுப் படத்தில் முகம் கடுகளவு இருந்தால் 1200 வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே எடுங்கள், பழுப்பும் கறையும் மையின் நிறமும் சேர்ந்து பதியும். தானியங்கித் திருத்தம், கூர்மை, தூசி நீக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள், நாலு பக்கமும் கொஞ்சம் வெளியிடம் விட்டு, பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள்.

வண்ணக் கார்டை 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் யானையின் தும்பிக்கை புள்ளிப்புள்ளியாகச் சிதறும், அது அச்சு. புள்ளியே இல்லாமல் வழவழவென்று போனால் பெரும்பாலும் அசல் புகைப்படம். புள்ளி உள்ளதை 300இல் எடுத்தால் அலைஅலையாகக் கோலம் விழும். 600க்கு மேல் எடுத்து, நகலில் மட்டும் சிறிதாக்குங்கள். புள்ளி நீக்கும் வசதியை மூலக் கோப்பில் போட வேண்டாம்.

கரன்ட் பெரிய தொல்லை. ஸ்கேன் ஓடும் நடுவில் மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறினால் படத்தில் ஒரு பட்டை விழும், சில நேரம் கோப்பே பாழாகும். மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சிறிய ஸ்கேனர் கிடைத்தால் அந்தக் கவலை இல்லை. ஆனால் அந்த வகை மெலிதானவற்றில் வளைந்த அட்டை மங்கலாக வரும், தடித்த குழுப் படங்களைக் கேமராவில் எடுப்பதே மேல். கோப்புப் பெயரில் எண் மட்டும் போடுங்கள், 012 முன், 012 பின் என்கிற முறையில். விவரம் எல்லாம் தனி அட்டவணையில். இரண்டு பிரதி, இரண்டு வீட்டில்.

தன்லின்_செல்வி:

வைக்கும் பெட்டிக்கு நாப்தலின் உருண்டையும் வேப்பிலையும் போடச் சொல்கிறார்கள். சரியா?

பாசுண்டான்_படப்பெட்டி:

இரண்டும் வேண்டாம். நாப்தலின் ஆவி மூடிய இடத்தில் படத்தின்மேலேயே திரும்பப் படியலாம், சில பிளாஸ்டிக்கை இளக்கும். பச்சை வேப்பிலை ஈரத்தை உள்ளே கொண்டுவரும். பூச்சி வராமல் இருக்கப் பெட்டியைத் தரையிலும் சுவரோரத்திலும் வைக்காமல், பழைய பசைத் துண்டுகளையும் செய்தித்தாளையும் உள்ளே விடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் பசையும் ஜெலட்டினும்தான் தீனி.

உறைக்குப் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர். கடையில் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், புது ரெயின்கோட் வாடை அடித்தால் பிவிசி, வாங்காதீர்கள். பூஞ்சை வந்தவற்றுக்குப் பிளாஸ்டிக் உறையே வேண்டாம், வெள்ளைக் காகித உறை போதும். இறுக்கமாக மூடும் 10 லிட்டர் பெட்டிக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை, துணிப்பையில். சின்ன ஈரப்பதமானி ஒன்று உள்ளே. 35 முதல் 50 வரை நிற்கட்டும். 30க்குக் கீழே போனால் ஜெலட்டின் வெடிக்கும், ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். மழைக்கால ஈரத்தோடு படத்தை உள்ளே வைத்து மூடாதீர்கள். நிறம் மாறியதும் பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம்.

கெமண்டைன்_கரை:

தைப்பூசத்துக்கு அசலை வெளியே எடுக்க வேண்டாம் அக்கா, நகல் போதும். குழுப் படங்களை ஏ3 அளவில் அச்சிட்டு, ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் போட்டு, பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். நாலு பேரை ஒன்றாக உட்காரவைத்தால் முதலில் சத்தமாகச் சொன்னவர் பெயரே எல்லாருக்கும் உண்மையாகிவிடும். பெயர், சொன்னவர் யார், சொன்ன தேதி மூன்றையும் அட்டவணையில் எழுதுங்கள். இருவர் வேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். அசலின் பின்னால் எழுத வேண்டியது எண் மட்டும்தான்: சுத்தமான கண்ணாடிமேல் படத்தைக் கவிழ்த்து, 2பி பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல்.